பழைய மோட்டார்ஹோமில் அரிசோனாவுக்கு

சனிக்கிழமை, ஹோல்ட்வில், கலிஃபோர்னியா

அண்ணனின் மோட்டார்ஹோம் 1992 மாடல். செவர்லே பி30 சேஸி, 7.4 லிட்டர் வி8 பெட்ரோல் என்ஜின். இங்கே எல்லோரும் கன அங்குலக் கணக்கில் '454' என்றுதான் சொல்வார்கள். சேஸி என்கிற அடிச்சட்டமும் என்ஜினும் ஒரு கம்பெனி செய்தது. மேலே இருக்கும் வீட்டைக் கட்டியது வேறொரு கம்பெனி. முப்பதடி நீளத்தில் கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு. டிரைவர் சீட்டுக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவில் ஒரு மூடி இருக்கிறது. அதைத் தூக்கினால் என்ஜின்.

சர்க்யூட் போர்டு சோதிப்பது என் வேலை. அதனால் மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், கிரிம்பிங் பிளேயர் எல்லாம் என் பையிலேயே வந்துவிட்டன. அண்ணன் ஓட்டுகிறார், அண்ணி வழி பார்க்கிறார். போகுமிடம் அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப், அங்கிருந்து கிராண்ட் கேன்யன்.

சான் டியேகோவிலிருந்து கிழக்கே போகும் ஐ-8 நெடுஞ்சாலை கடல் மட்டத்தில் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் 4,000 அடி ஏறிவிடுகிறது. ஆல்பைன் தாண்டினால் உருண்டைப் பாறைகளும் ஓக் மரங்களும். 1974-ல் கட்டிய பைன் வேலி பாலம் ஓடைக்கு 450 அடி மேலே போகிறது. பக்கவாட்டில் பார்த்தால்தான் எவ்வளவு உயரத்தில் போகிறோம் என்று உறைக்கிறது. ஏற்றத்தில் சூடு காட்டும் முள் மேலே போக ஆரம்பித்ததும் அண்ணன் ஏசியை அணைத்தார். டாஷ்போர்டில் இருக்கும் சின்ன ஃபேனைப் போட்டுக்கொண்டோம். லகுனா சம்மிட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி மக்கர் செய்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இழுவை இல்லை, மிஸ்ஸிங் அடித்தது. கண்ணாடியில் பார்த்தால் கரும்புகை.

"ஓரங்கட்டுங்ணா, பின்னாடி புகை பாருங்க."

"லைட்டு வேற எரியுது அம்மிணி. கம்ப்யூட்டர் போச்சா?"

'சர்வீஸ் என்ஜின் சூன்' என்ற மஞ்சள் விளக்குதான் அது. இந்த விளக்கு எரிந்ததும் எல்லார் வாயிலும் முதலில் வருவது, என்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று தீர்மானிக்கும் கம்ப்யூட்டர். பழைய மோட்டார்ஹோம்களில் நல்ல கம்ப்யூட்டர்கள் எத்தனையோ கழற்றி எறியப்படுவது இந்த ஒரு வார்த்தையால்தான் என்று நினைக்கிறேன். அது அலுமினியப் பெட்டிக்குள், கேபினுக்குள், வெயில் மழை படாமல் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே அசையும் பாகமே கிடையாது. சூட்டிலும் அதிர்விலும் தண்ணீரிலும் முப்பது வருஷமாகக் கிடப்பவை வயர்கள். சந்தேகப்பட்டால் முதலில் அவற்றைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

பக்மன் ஸ்பிரிங்ஸ் ஓய்வுத்தலம் வரை மெல்ல உருட்டிக்கொண்டு போய் நிறுத்தினோம். நிழலில் நல்ல குளிர்காற்று. புளிசாதம் சாப்பிட்டுவிட்டு ஸ்டார்ட் செய்தால் ஒரே செல்ஃபில் எடுத்துக்கொண்டது. ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு 4,190 அடி கிரெஸ்ட்வுட் சம்மிட்டையும் ஏறிவிட்டோம், ஒரு குறையும் இல்லை. இன்-கோ-பா இறக்கத்தில் எதிர்ப்பக்கச் சாலையோரம், மேலே ஏறிவரும் வண்டிகளின் ரேடியேட்டருக்காகத் தண்ணீர்த் தொட்டிகள் வைத்திருக்கிறார்கள். கீழே இம்பீரியல் பள்ளத்தாக்கு. எல் சென்ட்ரோ ஊர் கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கிறது.

இரவு தங்கல் ஹோல்ட்வில் வெந்நீர் ஊற்றுக்குப் பக்கத்து அரசு நிலத்தில். டார்ச் வெளிச்சத்தில் பழுது எண்களைப் படித்தேன். 1996 முதல் கார்களுக்கு எந்தக் கம்பெனியானாலும் ஒரே சாக்கெட், ஒரே ரீடர். அதற்கு முன்பு ஆளுக்கொரு வழி. ஃபோர்டில் கனெக்டருக்குப் பக்கத்தில் தனியாகத் தொங்கும் வயரை கனெக்டரின் ஒரு குழியோடு சேர்க்க வேண்டும். கிரைஸ்லரில் சாவியை ஆன், ஆஃப், ஆன், ஆஃப், ஆன் என்று திருப்ப வேண்டும். இந்த வண்டியில் டாஷ்போர்டுக்கு அடியில் பன்னிரண்டு குழி கனெக்டர் ஒன்று இருக்கிறது. மேல் வரிசையில் வலது ஓரத்து ஏ, பி குழிகளை ஒரு துண்டு வயரால் சேர்த்து, என்ஜினை எடுக்காமல் சாவியை மட்டும் போட்டால் அந்த மஞ்சள் விளக்கே எண்களைச் சிமிட்டும். முதலில் ஒன்று, சின்ன இடைவெளி, இரண்டு: 12. இது பழுது இல்லை. என்ஜின் சுற்றவில்லை என்று மட்டும் சொல்கிறது. மூன்று தடவை 12 வந்த பிறகு, நினைவில் இருக்கும் பழுதுகள் ஒவ்வொன்றும் மூன்று தடவை வரும்.

எங்களுக்கு வந்தவை 15, 21. பதினைந்து என்றால், என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் நீரின் சூட்டைச் சொல்லும் சென்சாரின் வோல்டேஜ் அதிகம். அதாவது என்ஜின் பனியில் உறைந்து கிடப்பதாகக் கம்ப்யூட்டர் நினைக்கிறது. இருபத்தொன்று என்றால் ஆக்ஸிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் சென்சாரின் வோல்டேஜ் அதிகம். உறைந்த என்ஜினை ஒருவர் முழு மிதி மிதிக்கிறார் என்று நம்பினால் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கொட்டத்தான் செய்யும். கரும்புகைக்குக் காரணம் அது. தப்பான சேதிக்குச் சரியான பதிலைத்தான் அது கொடுத்திருக்கிறது.

இரண்டு சென்சார் ஒரே நேரத்தில் கெடுவது அபூர்வம். இரண்டுக்கும் பொதுவாக எது இருக்கிறது என்று காலையில் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை, யூமா, அரிசோனா

விடிகாலையில் என்ஜின் முழுக்க ஆறி, காற்றும் 21 டிகிரியில் இருந்தது. சோதிக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. கூலன்ட் சென்சாரின் கனெக்டரைக் கழற்றி ஓம்ஸ் பார்த்தேன். இது சூடு ஏற ஏற மின்தடை குறையும் வகை. 21 டிகிரியில் 3,400 ஓம், கொதிநிலைக்குப் பக்கத்தில் 200 ஓமுக்கும் கீழே இருக்க வேண்டும். மீட்டரில் 3,450. பழுதில்லை. அடுத்தது ஆக்ஸிலேட்டர் சென்சார். சாவியைப் போட்டு, சிக்னல் வயரில் முள்ளை வைத்து, அண்ணனை மெதுவாக மிதிக்கச் சொன்னேன். 0.55 வோல்ட்டிலிருந்து 4.6 வரை எங்கேயும் குதிக்காமல் ஏறியது. அதிலும் பழுதில்லை.

யூமாவில் உதிரிபாகக் கடைக்குப் போனோம். கவுண்டரில் இருந்த பையன் எண்களைக் கேட்டதும் இரண்டு புது சென்சாரையும் எடுத்து மேஜையில் வைத்தான். அதுவும் சரிப்படாவிட்டால் ரீபில்ட் செய்த கம்ப்யூட்டர் வரவழைத்துத் தருகிறேன் என்றான். அண்ணன் பர்ஸை எடுத்துவிட்டார்.

"வேண்டாங்ணா. இந்த ரெண்டும் நல்லா இருக்குன்னு காலைலதான் பார்த்தோம்."

"அப்ப நம்பர் ஏன் வருது?"

நியாயமான கேள்வி. பழுது எண் ஒரு பாகத்தின் பெயர் இல்லை. ஒரு சர்க்யூட்டின் பெயர். கம்ப்யூட்டருக்குத் தெரிவது தன் முனைக்கு வந்து சேரும் வோல்டேஜ் மட்டும். சென்சாரிலிருந்து அதுவரை வரும் வயர், வழியில் உள்ள கனெக்டர், திரும்பிப் போகும் வயர் எல்லாம் அந்த எண்ணுக்குள் அடங்கும். வயரிங் படத்தை விரித்துப் பார்த்தால், கூலன்ட் சென்சாரும் ஆக்ஸிலேட்டர் சென்சாரும் ஒரே கறுப்பு வயர் வழியாகத்தான் கம்ப்யூட்டருக்குத் திரும்புகின்றன. இரண்டுக்கும் பொதுவானது அதுதான்.

பார்ப்பதற்கு எர்த் வயர்தான். ஆனால் அது சேஸியில் எங்கும் போய்த் தொடுவதில்லை. கம்ப்யூட்டருக்குள்ளேயே போய் முடிகிறது. சென்சார்கள் கையாளுவது 5 வோல்ட்டுக்குள் மில்லிஆம்பியர் கணக்கு. ஹெட்லைட், மோட்டார் என்று வண்டியின் பெரிய கரண்டெல்லாம் ஓடும் எர்த்தில் இந்தச் சின்னக் கணக்கையும் கலந்தால் அளவு தப்பிவிடும். அதனால்தான் அவற்றுக்குத் தனி வழி கொடுத்திருக்கிறார்கள். இந்த வயர் எங்காவது விட்டுப்போனால் இரண்டு சிக்னலும் மேலே ஏறி நிற்கும், 15-ம் 21-ம் சேர்ந்து வரும். ஆனால் கறுப்பு வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளந்தபோது 0.02 வோல்ட்தான். வண்டி நின்றுகொண்டிருக்கும்போது அதில் ஒரு குறையும் தெரியவில்லை. விட்டு விட்டு வரும் பழுது எல்லாமே இப்படித்தான், தேடும்போது ஒளிந்துகொள்ளும்.

வரும் வழியில் அல்கடோன்ஸ் மணல்மேடுகளில் இறங்கினோம். நகரும் மணல் தார்ச்சாலையை மூடிவிடும் என்று 1915-ல் இங்கே மரப்பலகையால் சாலை போட்டார்கள். மறுவருஷம், தேவைப்பட்டால் தூக்கி நகர்த்தி வைக்கிற மாதிரி பலகைத் தொகுப்புகளாக மாற்றிப் போட்டார்கள். 1926-ல் தார்ச்சாலை வரும்வரை கார்கள் அதில்தான் போயின. மிச்சம் இருக்கும் பலகைகளை வேலி போட்டுக் காக்கிறார்கள். ஒரு வண்டி போகும் அகலம்தான். அண்ணி அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றார்.

திங்கட்கிழமை, குவார்ட்ஸைட்

யூஎஸ் 95 வழியாக வடக்கே எண்பது மைல். இராணுவச் சோதனைத் தளத்தின் பீரங்கிகள், கோஃபா மலைகள், ஆளில்லாத வெளி. சாலை பெரும்பாலும் சமதளம். காற்று ஜிலுஜிலுவென்று இருந்தது, வண்டியும் ஒரு சத்தமில்லாமல் வந்துவிட்டது. மஞ்சள் விளக்கு எரியவில்லை.

குவார்ட்ஸைட் சின்ன ஊர். ஆனால் குளிர்காலத்தில் அமெரிக்காவின் வடக்கிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஆயிரக்கணக்கான மோட்டார்ஹோம்கள் இங்கே வந்து இறங்குகின்றன. ஊருக்குத் தெற்கே லா போசா என்ற அரசுப் பாலைநிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அனுமதிச் சீட்டு வாங்கித் தங்கலாம். மின்சாரம் இல்லை, எல்லைக்கல் இல்லை. பிடித்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

ஊர்க் கல்லறையில் பிரமிடு வடிவில் ஒரு சமாதி, உச்சியில் உலோக ஒட்டகம். ஹாஜி அலி என்பவருடையது. அமெரிக்க இராணுவம் 1856-ல் பாலைவனச் சுமைக்காக ஒட்டகங்களை இறக்குமதி செய்தபோது அவற்றோடு ஒட்டகக்காரராக வந்தவர். ஊர்க்காரர்கள் வாயில் அவர் 'ஹை ஜாலி' ஆகிவிட்டார். 1902-ல் இங்கேதான் இறந்தார். 1935-ல் அரிசோனா நெடுஞ்சாலைத் துறை இந்தச் சமாதியைக் கட்டியது. ஒட்டகக்காரருக்கு நெடுஞ்சாலைத் துறை மரியாதை செய்திருப்பது எனக்கு மிகவும் பிடித்தது.

சாயங்காலம் பக்கத்து வண்டிக்காரர் பேச்சுக் கொடுத்தார். மொன்டானாவிலிருந்து வந்த பெரியவர். அவருடையதும் எங்களுடையதைப் போலவே பெட்ரோலை என்ஜின் தலையில் தெளிக்கும் வகை. காலையில் ஸ்டார்ட் ஆக நெடுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறதாம், எடுத்துவிட்டால் நாள் முழுக்கப் பிரச்சினை இல்லையாம். ஊரில் ஒரு பட்டறையில் டேங்கை இறக்கிப் பெட்ரோல் பம்பை மாற்றியிருக்கிறார்கள். சரியாகவில்லை. அடுத்து கம்ப்யூட்டரை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள்.

சாவியைப் போட்டதும் பின்னால் டேங்கில் இரண்டு விநாடி பம்ப் ஓடும் சத்தம் கேட்கிறதா என்று அண்ணனைப் பின்னால் நிற்கச் சொன்னேன். கேட்கவில்லை. இந்த வண்டிகளில் பம்புக்குக் கரண்ட் போக இரண்டு வழி உண்டு. ஒன்று, கம்ப்யூட்டர் இயக்கும் ரிலே என்ற மின் சுவிட்ச். இரண்டாவது, ஆயில் பிரஷர் சுவிட்ச். என்ஜினில் ஆயில் அழுத்தம் ஏறியதும் அது தானாக மூடிக்கொண்டு பம்புக்குக் கரண்ட் கொடுக்கும். ரிலே பக்கம் செத்துப்போனாலும் வண்டி நடுவழியில் நிற்காமலிருக்கச் செய்த ஏற்பாடு. பெரியவர் நெடுநேரம் செல்ஃப் அடித்ததெல்லாம் ஆயில் அழுத்தம் ஏறுவதற்காகத்தான். ரிலேயைப் பிடுங்கிப் பார்த்தேன், ரிலே நன்றாக இருந்தது. அது உட்காரும் சாக்கெட்டில் ஒரு முனை பச்சை பூத்து, பாதி கரைந்து போயிருந்தது. தேய்த்துச் சுத்தம் செய்து, முனையை நெருக்கி மறுபடி செருகினோம். சாவியைப் போட்டதும் பின்னாலிருந்து பம்ப் முனகியது; அரைச் சுற்றில் என்ஜின் எடுத்துக்கொண்டது. அந்த முனையை எப்படியும் மாற்றியாக வேண்டும், ஊரில் கிடைக்கும் என்று சொல்லி எண்ணைக் குறித்துக் கொடுத்தேன்.

அவர் பானெட்டைத் திறந்தே வைத்து, உள்ளே ஒரு விளக்கும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். பேக்ராட் என்ற பாலைவன எலிக்காக. இருட்டும் கதகதப்பும் இருந்தால் என்ஜின் மேலேயே கூடு கட்டி, வயரைக் கடித்துப் போட்டுவிடும். இந்த எலிகள் பாறை இடுக்கில் சேர்த்து வைக்கும் குப்பை அவற்றின் மூத்திரத்தில் இறுகி, பல்லாயிரம் வருஷம் கெடாமல் கிடக்கும். அதிலிருக்கும் இலை, விதைகளை எடுத்துத்தான் டூசான் ஆராய்ச்சியாளர்கள் இந்தப் பாலைவனத்தில் முன்பு என்னென்ன செடிகள் இருந்தன என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். இன்றிரவு எங்கள் பானெட்டும் திறந்தே இருக்கும்.

செவ்வாய்க்கிழமை, குவார்ட்ஸைட்

இன்று எங்கும் போகவில்லை. நாள் முழுக்க வயரிங்.

மோட்டார்ஹோம் வயரிங் ஏன் இவ்வளவு குழப்பம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சேஸி கம்பெனி தன் வேலையை முடித்து, என்ஜின், கம்ப்யூட்டர், ஸ்டியரிங், விளக்குக்கான வயர்கள் எல்லாவற்றையும் போட்டு, மேலே ஒன்றுமில்லாத வெறும் சட்டமாக அனுப்பும். அதற்கு முழுப் படம் உண்டு, நிறக் கணக்கு உண்டு. வீடு கட்டும் கம்பெனி அதை வாங்கி, தன் டாஷ்போர்டை வைத்து, வயர்களை நீட்டி, தன் நிறத்தில் இன்னும் நூறு வயர் இழுக்கும். அதற்கும் ஒரு படம் இருந்திருக்கும். இரண்டு படமும் சந்திக்கும் இடம் எதிலும் இருக்காது. அதன் பிறகு முப்பது வருஷத்தில் வந்த ஒவ்வொரு சொந்தக்காரரும் ரேடியோ, பின்பக்கக் கேமரா, கூடுதல் விளக்கு என்று அவரவருக்குத் தெரிந்தபடி சேர்த்திருப்பார்கள். போதாக்குறைக்கு உடம்பு முழுக்க ஃபைபர்கிளாஸும் மரமும். காரில் எந்தத் தகட்டைத் தொட்டாலும் எர்த் கிடைக்கும். இங்கே ஒவ்வொரு விளக்குக்கும் எர்த்தை வயராகவே சேஸி வரை கொண்டுபோக வேண்டும். கண்ணில் பட்ட கறுப்பு வயரில் ஒட்டுப் போடும் ஆசை இங்கேதான் பிறக்கிறது.

காலையில் எர்த்களை ஒவ்வொன்றாக அளந்தேன். பேட்டரி நெகட்டிவில் ஒரு முள், என்ஜின் பிளாக்கில் ஒரு முள், அண்ணன் செல்ஃப் அடிக்க, மீட்டரில் 0.15 வோல்ட். அரை வோல்ட்டுக்கு மேல் போனால்தான் கவலை. ஓம்ஸ் வைத்து இதைப் பார்க்கக் கூடாது. பத்தில் ஒன்பது இழை அறுந்த கேபிள்கூட ஓம் மீட்டரில் சுழி காட்டும். கரண்ட் ஓடும்போது எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்பதுதான் உண்மையான அளவு. எல்லா எர்த்தும் தேறின.

பிறகு நடு மூடியைக் கழற்றி, என்ஜினை ஓடவிட்டு, கட்டுக் கட்டாக வயர்களை அசைத்துப் பார்த்தேன். கறுப்பு வயரில் மீட்டர் முள் நிரந்தரமாகக் கொக்கி போட்டுத் தொங்கியது. 0.02. அசைத்தாலும் 0.02. மதியம் ஆகிவிட்டது. மூடியில்லாததால் என்ஜின் சூடு முழுக்க உள்ளே அடித்தது.

"அனலாக் கொட்டுது" என்று அண்ணி டாஷ்போர்டு ஃபேனைப் போட்டார். என்ஜின் திக்கியது. மஞ்சள் விளக்கு எரிந்தது.

"அண்ணி, ஃபேனை நிறுத்துங்க." நிறுத்தினார். என்ஜின் சீரானது. "இப்ப போடுங்க." மறுபடி திக்கியது.

"மலை ஏறும்போதும் இதைத்தானே போட்டோம்" என்றார் அண்ணி. அவர் சொன்ன பிறகுதான் சனிக்கிழமை நடந்தது எல்லாம் வரிசையாகப் பொருந்தியது. ஏற்றம் என்றால் சூடு, சூடு என்றால் ஏசியை நிறுத்துவது, ஏசி இல்லையென்றால் ஃபேன். கிரெஸ்ட்வுட்டில் ஜன்னல் காற்று போதுமானதாக இருந்தது, ஃபேனைத் தொடவில்லை. மலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஃபேன் ஓடும்போது கறுப்பு வயரில் 2.4 வோல்ட். பேட்டரி நெகட்டிவோடு ஒட்டி, கிட்டத்தட்டச் சுழியில் இருக்க வேண்டிய வயர் அது. தரையே 2.4 வோல்ட் உயர்ந்துவிட்டால் அதன் மேல் நிற்கும் சென்சார் அளவு என்னவாகும்? ஆக்ஸிலேட்டரைத் தொடாமலேயே பாதி மிதித்ததாகச் சேதி போகும்.

ஃபேனின் வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். டாஷ்போர்டுக்குள் நுழைந்து, ஸ்டியரிங் தண்டைச் சுற்றி, கம்ப்யூட்டருக்கு ஒரு சாண் முன்னால், பழைய டேப் சுற்றலுக்குள் போய் மறைந்தது. டேப்பை உரித்தால் பசை கறுத்துப் பிசுபிசுவென்று கையோடு வந்தது. உள்ளே நீலப் பிளாஸ்டிக் கிளிப் ஒன்று. வயரை வெட்டாமலே இடுக்கியால் அமுக்கி ஒட்டுப் போடும் வகை. உள்ளே இருக்கும் தகடு உறையைக் கிழித்துக்கொண்டு போய் செம்பைக் கடிக்கும். எந்தச் சொந்தக்காரர் காலத்திலோ யாரோ ஃபேன் மாட்டும்போது கறுப்பு என்றால் எர்த் என்று நினைத்து சென்சாரின் வழியில் கடித்து வைத்திருக்கிறார்கள். கிளிப்பைத் திறந்தேன். தகடு செம்பு இழைகளில் பாதிக்கு மேல் அறுத்திருந்தது. மிச்சம் இருந்த இழைகள் பச்சைப் பொடியாக உதிர்ந்தன. நகத்தால் தொட்டதும் இன்னும் இரண்டு விழுந்தன. மில்லிஆம்பியருக்கு இந்த இழைகள் போதும். ஃபேனின் ஓர் ஆம்பியருக்கும் மேலான கரண்ட் இதே பாதையில் வரும்போதுதான் அவ்வளவு வோல்டும் இங்கே தொலைகிறது. அதிர்வில் இழைகள் முழுக்க விட்டுப்போகும் நொடியில் 15-ம் சேர்ந்து வருகிறது.

இரண்டு பக்கமும் பளபளப்பான செம்பு வரும் வரை வெட்டி, அதே கனத்தில் புதுத் துண்டு சேர்த்து, கிரிம்ப் செய்து, உள்ளே பசை உள்ள ஸ்லீவைச் சூடு காட்டிச் சுருக்கினேன். ஃபேனுக்குத் தனி ஃபியூஸ், தனி எர்த். வீட்டுப் பக்க எர்த் பட்டையில் கொண்டுபோய் முடித்தேன். கம்ப்யூட்டரின் ஃபியூஸை ஒரு நிமிஷம் பிடுங்கிப் பழைய எண்களை அழித்தாயிற்று. ஃபேன் முழு வேகத்தில் ஓடும்போது கறுப்பு வயரில் 0.02. அண்ணன் மீட்டரைக் கையில் வாங்கி, ஃபேனைப் போட்டு அணைத்து, போட்டு அணைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். சென்சாருக்கும் கம்ப்யூட்டருக்கும் போகவேண்டிய பணம் பர்ஸிலேயே இருக்கிறது. செலவு ஸ்லீவும் ஃபியூஸும் மட்டும்.

புதன்கிழமை, ஃபீனிக்ஸுக்கு வடக்கே

ஹோப், சலோமி, வெண்டன், அகிலா என்று யூஎஸ் 60-ல் வரிசையாகச் சின்ன ஊர்கள். விக்கன்பர்க்கில் மதியச் சாப்பாடு. வழியெல்லாம் சகுவாரோ கள்ளிகள். ஒரு கைகூட முளைக்காதவையே எழுபது வயது இருக்கலாம் என்று அண்ணி படித்துச் சொன்னார். வெயில் குறைவு. ஃபேனைச் சோதிப்பதற்காகவே ஓடவிட்டோம்.

இரவு ஒரு சின்ன வேலை மட்டும். வீட்டுப் பக்க பேட்டரி சரியாக சார்ஜ் ஆவதில்லை என்று அண்ணன் நெடுநாளாகச் சொல்கிறார். ஆல்டர்னேட்டரில் 14.2 வோல்ட், பேட்டரியில் 13.5. வண்டி பேட்டரியையும் வீட்டு பேட்டரியையும் பிரித்து வைக்கும் ஐசலேட்டர் நடுவில் இருக்கிறது. அது டயோடு வகை, 0.7 வோல்ட் அதுவே விழுங்கிவிடும். இது பழுதில்லை, அதன் குணம். ரிலே வகைக்கு மாற்றினால் தீரும். ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம்.

வியாழக்கிழமை, ஃபிளாக்ஸ்டாஃப்

ஐ-17-ல் பிளாக் கேன்யன் சிட்டி தாண்டியதும் சாலையோரம் பலகை: என்ஜின் சூடாகாமலிருக்க ஏசியை அணைக்கவும். அண்ணன் அணைத்தார். அண்ணி ஃபேனைப் போட்டார். மீட்டரை என் மடியில் வைத்துக்கொண்டு, கறுப்பு வயரிலிருந்து நீளமாக இழுத்த முள்ளோடு உட்கார்ந்திருந்தேன்.

2,000 அடியிலிருந்து சன்செட் பாயின்ட் வரை ஏகமாக ஏற்றம். லாரிகள் அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. நாங்கள் முப்பத்தைந்து மைல் வேகத்தில் அவற்றைத் தாண்டினோம். மீட்டர் 0.02, சில சமயம் 0.03. விளக்கு எரியவில்லை, புகை இல்லை. வண்டி வாங்கிய நாளிலிருந்து மலை ஏறும்போது அண்ணன் பேசிக்கொண்டு ஓட்டியது இன்றைக்குத்தான்.

கேம்ப் வெர்டியில் பள்ளத்தில் இறங்கி, மறுபடி ஏறி, 7,000 அடியைத் தொடும்போது கள்ளியெல்லாம் போய் எங்கே பார்த்தாலும் பான்டரோசா பைன். கடல் மட்டத்தில் 101 கிலோபாஸ்கல் இருக்கும் காற்றழுத்தம் இங்கே 78-க்குப் பக்கத்தில். கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் இந்த உயரத்தில் பெட்ரோல் மிகையாகி என்ஜின் திணறும்; இறங்கி, பெட்ரோல் வரும் துளையான ஜெட்டை மாற்ற வேண்டும். இந்தக் கம்ப்யூட்டர், என்ஜினுக்குள் காற்று போகும் மானிஃபோல்டின் அழுத்தத்தை அளந்து, காற்று குறைந்த அளவுக்குப் பெட்ரோலையும் தானே குறைத்துக்கொள்கிறது. உயரத்தில் இழுவை குறையத்தான் செய்யும், அதற்கு வழியில்லை. ஆனால் ஐட்லிங் கீழே இருந்ததைப் போலவே இங்கேயும் அமைதியாக இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு முன்னால் செய்த பெட்டி. சரியான சேதி போனால் அது இன்னும் நேர்த்தியாக வேலை செய்கிறது. தூக்கி எறியச் சொன்னது இதைத்தான்.

சாயங்காலம் டாஷ்போர்டுக்குள் மறுபடி டார்ச் அடித்துப் பார்த்ததில் அதே நீலக் கிளிப் இன்னும் சில தெரிகின்றன. ஒன்று ரேடியோவுக்கு, ஒன்று பின்பக்கக் கேமராவுக்கு. இன்னொன்று எங்கே போகிறது என்று இன்னும் பிடிபடவில்லை. சுவிட்ச் எதைப் போட்டாலும் அதில் கரண்ட் இல்லை. அண்ணன் நோட்டுப் புத்தகத்தில் படம் போட ஆரம்பித்திருக்கிறார்: எந்த நிறம், எங்கே தொடங்குகிறது, எந்த ஃபியூஸ்.

நாளை வில்லியம்ஸ் வழியாகக் கேன்யன். கிளம்புமுன் பின் டேங்கில் பம்பின் எர்த்தைப் பார்க்க வேண்டும். மொன்டானா பெரியவரின் சாக்கெட்டைப் பார்த்ததிலிருந்து அது மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அண்ணன் இப்போதே ஜாக்கையும் பாயையும் எடுத்து வெளியே வைத்துவிட்டார்.